பெயர் சொல்லாத விண்ணப்பம்

உட்காருங்க ஆன்ட்டி. சனிக்கிழமை அரைநாள்தான் ஸ்கூல், பிள்ளைங்க எல்லாம் போயாச்சு. ஸ்டாஃப் ரூம்ல நம்ம ரெண்டு பேர்தான். அந்த நாற்காலி வேண்டாம், இதுல உட்காருங்க.

தபித்தாவை உங்க அண்ணன் மகனுக்குப் பார்க்கிறீங்க, அவளைப் பத்தி விசாரிக்க வந்திருக்கீங்க. நல்ல காரியம். ஆனா இந்த ஞானாபரணபுரத்துல இத்தனை வீடு இருக்க, என்னைத் தேடி வந்தீங்க பாருங்க, அதுதான் எனக்குப் புரியல. நானும் அவளும் பேசி ஒன்றரை வருஷம் ஆகுது. அவ வேலைக்குக் கோயம்புத்தூர் போனபிறகு ஒரு போன்கூடக் கிடையாது. நான் பேசாம இல்ல. அவதான் பேசல.

முதல்லயே சொல்லிடுறேன், நான் அதிகம் பேசுறவ இல்ல. காலேஜ்ல மூணு வருஷம் ஒரே பெஞ்சுல இருந்தவளைக் கேட்டாக்கூட என் குரல் எப்படியிருக்கும்னு சொல்லத் தெரியாது. பேசாதவங்களுக்குப் பார்க்கிறது ஒண்ணுதானே மிச்சம். பார்த்ததைச் சொல்றேன். ஒரு பொண்ணோட வாழ்க்கை விஷயம், கெடுதலா ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது. கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

எல்லாம் அந்த மிஷன் டிரிப்புலதான். டிரிப்புன்னு சொல்லக்கூடாது, ஊழியப் பயணம்னு சொல்லணும், ஹெப்சி அக்கா திருத்துவாங்க. எங்க சபை வாலிபர் ஐக்கியத்துக்கு அவங்கதான் தலைவி. போன வருஷம் மே மாசம், கல்வராயன் மலையில ஒரு சின்ன ஊர். பத்து நாள். ஒன்பது பேர் போனோம், அதுல அஞ்சு பேர் பொண்ணுங்க. அம்மாதான் என்னை அனுப்பினாங்க. நாலு பேரோட பழகினா கூச்சம் போகும்னு அம்மாவுக்கு யாரோ சொல்லியிருக்காங்க.

வேன் மலை ஏற ஏற எல்லாருக்கும் குரல் மாறிச்சு. அதை நான் கவனிச்சேன். கீழே ஹோட்டல்ல தோசைக்குச் சண்டை போட்டவங்க, மேலே போனதும் தண்ணி குடிச்சியான்னு கேட்டா "கர்த்தருடைய கிருபையால"ங்கிறாங்க. ஹெப்சி அக்கா ஊர்ல கலர் கலரா கட்டுவாங்க, மலைக்குன்னு பத்து வெள்ளைச் சேலை கொண்டு வந்திருந்தாங்க. அங்கே ஒரு சின்னப் பொண்ணுக்கு ஒரே காலையில மூணு தடவை தலைவாரி விட்டாங்க. முதல் தடவை போட்டோ ஆடிப்போச்சு. ரெண்டாவது தடவை வெயில் எதிர்ல அடிச்சிடுச்சு. மூணாவது தடவை அந்தப் பிள்ளை தானாவே வந்து முதுகைக் காட்டி உட்கார்ந்துச்சு. அந்தப் போட்டோதான் இப்பவும் சபை காலண்டர்ல இருக்கு, போற வழியில பாருங்க.

நீங்க சிரிக்கிறீங்க. எனக்குச் சிரிப்பு வரல. பத்து நாள் இவங்க நடுவுல இருந்து பாருங்க.

ஊருக்குத் திரும்பினதும் ஒவ்வொருத்தரும் ஆலயத்துல எழுந்து சாட்சி சொல்லணும். பயணத்துல என் வாழ்க்கை எப்படி மாறிச்சுன்னு. அதுக்கே ஒரு ஞாயிறு ஒதுக்கி வச்சிருப்பாங்க. மாறியே ஆகணும், வேற வழி கிடையாது. மூணாம் நாளே சில பேர் நோட்டுல எழுத ஆரம்பிச்சாச்சு. நான் நோட்டைத் திறக்கவே இல்ல. எதைச் சொல்றது? எனக்குத்தான் எதுவும் நடக்கிறதே இல்லையே. மத்தவங்க ஜெபத்துல அழுவாங்க, கையை உயர்த்துவாங்க. நான் கண்ணை மூடினா கண்ணு மூடியிருக்கும், அவ்வளவுதான். அதனால மூடுறதே இல்ல. திறந்து வச்சுக்கிட்டு யார் எப்படி அழுறாங்கன்னு பார்ப்பேன்.

அப்படிப் பார்த்துக்கிட்டிருந்த ஒருநாள்தான், எதிர்ல தபித்தாவும் கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு இருந்தா. என்னைப் பார்த்தா. சிரிச்சா. நானும் சிரிச்சேன். அப்படித்தான் பழக்கம். அதுக்கு முன்னாடி ஒரே சபைன்னு பேரு, ரெண்டு வார்த்தை பேசினதில்ல. அப்புறம் சாப்பிடப் போனா சேர்ந்து போவோம், படுக்கிறதும் பக்கத்துப் பக்கத்துல. அவ நல்லா கிண்டல் பண்ணுவா. ஹெப்சி அக்கா மாதிரியே பேசிக் காட்டுவா, எனக்குப் பொரை ஏறும். எனக்கு அப்படி ஒரு சிநேகிதி இருந்ததில்லன்னு வச்சுக்கோங்க. அதையும் மறைக்காமத்தான் சொல்றேன்.

நாலாம் நாள் வீடு வீடா போனோம். வெள்ளச்சின்னு ஒரு அம்மா, சாமை புடைச்சிட்டு இருந்தாங்க. ஹெப்சி அக்கா ஆண்டவரைப் பத்திச் சொல்லச் சொல்ல அந்த அம்மா முறத்தை நிறுத்தவே இல்ல. கடைசியில, "உங்க சாமி கேட்டதைக் குடுக்குமா?"ன்னு கேட்டாங்க. கொடுப்பார்னு அக்கா சொன்னாங்க. "அப்ப நீ என்னா கேட்ட, உனக்கு என்னா குடுத்துச்சு?"

எல்லாருக்கும் திக்குன்னு ஆயிடுச்சு. நாங்க கேள்வி கேட்கிறதுக்குத்தான் பழகிட்டுப் போயிருந்தோம். அக்கா சமாளிச்சு, வீட்டுக்காரருக்கு டிரான்ஸ்ஃபர் கிடைச்சதைச் சொன்னாங்க. இன்னொருத்தி மூணு அரியர் கிளியர் ஆனதைச் சொன்னா. "அரியரா? அது என்னா, காய்ச்சலா?"ன்னு அந்த அம்மா கேட்க, ஒருத்தரும் சிரிக்கல. நான் பின்னாடி நகர்ந்து நின்னுக்கிட்டேன். தபித்தா முறை வந்துச்சு. "எங்க தம்பியைக் கேட்டேன். குடுக்கல"ன்னா.

அவ தம்பி பைக் விபத்துல இருபது நாள் கிடந்து இறந்துபோனான். சபையே உபவாசம் இருந்துச்சு. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.

வெள்ளச்சி முறத்தைக் கீழே வச்சாங்க. "எம் பெரிய மவனும் அப்பிடித்தான் போனான்"னு சொல்லி, இவ கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டுப் போயிட்டாங்க. கஞ்சி கொடுத்தாங்க போல. ஒரு மணி நேரம். நாங்க எட்டு பேர் சுவிசேஷக் கைப்பிரதியை வச்சுக்கிட்டு வெயில்ல நிக்கிறோம். ஜெபமும் இல்ல, பாட்டும் இல்ல, வசனமும் இல்ல. ரெண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தாங்கன்னு அப்புறம் அவளே சொன்னா. இதுக்கா அவ்வளவு தூரம் போனோம்? ஹெப்சி அக்கா முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

மறுநாள் காலையில ஓடையில துணி துவைக்கப் போனோம், நானும் அவளும் மட்டும். அங்கே வச்சுத்தான் சொன்னா.

"எனக்கு ரெண்டு வருஷமா ஜெபிக்க வரல பெர்சிஸ். வாயைத் திறந்தா வெறும் காத்துதான் வருது. யார்கிட்டயும் சொன்னதில்ல, அம்மாவுக்கும் தெரியாது. நேத்து அந்த வீட்டுல உட்கார்ந்திருந்தப்பதான் கொஞ்சம் மூச்சு வந்துச்சு." சொல்லிட்டு, "உனக்கு எப்படி?"ன்னு கேட்டா.

நான் சோப்பை எடுத்து அவகிட்ட கொடுத்தேன்.

என்ன சொல்லச் சொல்றீங்க? எனக்கும்தான் ஒண்ணும் வராது. திடப்படுத்தல் அன்னைக்குப் பிஷப் தலையில கை வச்சப்பவே வரல. அதுக்காக ஊர் ஊரா சொல்லிட்டுத் திரியணுமா? ஒரு பொண்ணு சில விஷயத்தை மனசுக்குள்ள வச்சுக்கணும். அவ வச்சுக்கல. யாராவது நாலு வார்த்தை அன்பா பேசினா எல்லாத்தையும் கொட்டிடுவா. இது உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

அன்னைக்குச் சாயங்காலம்தான் அது நடந்துச்சு. தினமும் ஆறு மணிக்கு வட்டமா உட்காருவோம். ஒவ்வொருத்தரும் ஒரு ஜெப விண்ணப்பம் சொல்லணும். நாம சொன்னதுக்காக நமக்கு வலது பக்கம் இருக்கிறவங்க சத்தமா ஜெபிக்கணும். எங்க சபையில காலங்காலமா இதுதான் முறை. நீங்களும் சபைக்காரங்கதானே, உங்களுக்குத் தெரியாததா? இந்த விண்ணப்பத்துலதான் ஊர்க்கதை எல்லாம் வெளியே வரும். "குடும்ப சமாதானத்துக்காகப் போராடுற ஒரு சகோதரிக்காக"ன்னு ஆரம்பிப்பாங்க. கண்ணை மூடும்போதே அது யார் வீடு, எந்தத் தெருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். ஹெப்சி அக்கா அதுல கெட்டிக்காரங்க. எனக்கு அது அருவருப்பா இருக்கும். அடுத்தவங்க கண்ணீரைத் தட்டுல வச்சு நீட்டுற மாதிரி.

நான் எப்பவும் எங்க அம்மாவோட முழங்கால் வலிக்காகத்தான் கேட்பேன். அதுல யாருக்கும் நஷ்டமில்ல. அன்னைக்கும் வாயைத் திறந்தேன். "அம்மாவுக்கு..."ன்னு சொன்னதுதான். ஹெப்சி அக்கா, "ஏட்டி பெர்சிஸ், அந்த முழங்காலை இன்னைக்கு ஒருநாள் விட்டுரு. கர்த்தருக்கே அலுத்திருக்கும். உன் மனசுல வேற பாரமே கிடையாதா?"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. தபித்தாவும் சிரிச்சா ஆன்ட்டி. நான் அவளைத்தான் பார்த்தேன். அவளும் சிரிச்சா.

எட்டு பேர் என்னையே பார்க்கிறாங்க. காது ரெண்டும் கொதிக்குது. எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல. உண்மையிலேயே ஒண்ணுமில்ல. அப்ப வாயில என்ன வருதோ அதுதானே வரும்? "நம்ம நடுவுலயே ஒருத்தங்க விசுவாசத்தை விட்டுட்டு இருக்காங்க, ரெண்டு வருஷமா ஜெபிக்கல, அவங்களுக்காக"ன்னு சொன்னேன். பேர் சொல்லல. சத்தியமா பேர் சொல்லல.

சிரிப்பு நின்னுபோச்சு. ஹெப்சி அக்கா "ஆண்டவரே"ன்னு நெஞ்சுல கை வச்சாங்க. அத்தனை வருஷத்துல என் விண்ணப்பத்துக்கு யாராவது நெஞ்சுல கை வச்சிருக்காங்களா? அன்னைக்கு வச்சாங்க.

என் வலது பக்கம் தபித்தா. முறைப்படி அவதான் ஜெபிக்கணும்.

எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தோம். அவ பேசல. ரொம்ப நேரம் பேசல. நாலு வார்த்தை சொன்னா போதும், "அந்தச் சகோதரியைத் தொடும் ஆண்டவரே, ஆமென்." எத்தனை பேர் அப்படித்தான் மனசில்லாம ஓட்டுறாங்க. ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. அவ சொல்லல. கை ரெண்டையும் மடியில வச்சுக்கிட்டு அப்படியே இருந்தா. ஒவ்வொருத்தரா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாங்க. அவளே தன்னைக் காட்டிக் கொடுத்துக்கிட்டா. நான் சொல்றது புரியுதா? நான் பேர் சொல்லல. அவ பேசாம இருந்ததுதான் பேரைச் சொல்லிச்சு.

மிச்சம் அஞ்சு நாளும் அவ என்கிட்ட சரியா பேசல. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கிட்டு வெள்ளச்சி வீட்டுக்குப் போயிடுவா. நான் தனியாத்தான் சாப்பிட்டேன். என்னை யாரும் கேட்கல.

இல்ல, தனியான்னு சொல்லக்கூடாது. ஹெப்சி அக்கா பக்கத்துல இடம் போட்டுக் கொடுத்தாங்க. "உனக்கு ஆத்தும பாரம் இருக்குட்டி, இத்தனை நாள் உன்னைக் கவனிக்கலையே"ன்னு சொன்னாங்க. அவங்களை எனக்குப் பிடிக்காதுதான். ஆனா அந்தப் பக்கம் காத்து நல்லா வரும்.

ஊருக்கு வந்தோம். அப்பத்தான் இந்த ஸ்கூல்ல தமிழ் டீச்சர் இடம் காலியாச்சு. நானும் எழுதிப் போட்டிருந்தேன், அவளும் போட்டிருந்தா. அவ என்னைவிட நல்ல மார்க்கு. அவளுக்குத்தான்னு எல்லாரும் சொன்னாங்க. அவங்க வீட்டு நிலைமைக்கும் அது தேவைதான், தம்பி போனதுக்கப்புறம் அப்பா கடைக்கே சரியா போறதில்ல. ஆனா சபை ஸ்கூல் பாருங்க, எங்க ஐயர், அதான் சபைப் போதகர், ஒரு சிபாரிசுக் கடிதம் தரணும். விசுவாசத்துல நிலைச்சிருக்கிற பிள்ளைன்னு. ஹெப்சி அக்கா அதுக்குள்ள ஐயரம்மாகிட்ட தபித்தா பேரைச் சொல்லியே ஜெபக் குறிப்பு கொடுத்தாச்சு. ஐயர் தபித்தாவைக் கூப்பிட்டு, கொஞ்சநாள் போகட்டும்மா, முதல்ல நீ ஆவியில தேறுன்னு சொல்லி அனுப்பிட்டார்.

அன்னைக்குச் சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்தா. சண்டை போடுவான்னு நினைச்சேன். போடல. அம்மா கொடுத்த காப்பியைக் குடிச்சா. அம்மா உள்ளே போனதும் கேட்டா.

"ஞாயித்துக்கிழமை சாட்சியில ஒரே ஒரு வரி சொல்லு பெர்சிஸ். அன்னைக்குச் சொன்னது உன்னைப் பத்தியேதான்னு சொல்லு. ஓடையில நீ அதைச் சொல்லக் கேட்டு நான் அதிர்ச்சியாயிட்டேன், அதான் எனக்கு ஜெபம் வரலன்னு சொல்லு. உனக்கு ஒண்ணும் ஆகாது. அழுது சாட்சி சொன்னா உன்னைத் தூக்கி வச்சுக் கொண்டாடுவாங்க. எனக்குக் கடிதம் கிடைச்சிடும்."

கேட்டீங்களா? தேவனுடைய ஆலயத்துல, பீடத்துக்கு முன்னாடி நின்னு என்னைப் பொய் சொல்லச் சொல்றா. நான் அப்படியே சொன்னேன், என்னால பொய் சொல்ல முடியாதுன்னு.

அவ என்னை ஒரு பார்வை பார்த்தா. "பொய்யா பெர்சிஸ்?"னு கேட்டா. அவ்வளவுதான். டம்ளரைக் கழுவி வச்சிட்டுப் போயிட்டா.

இப்ப நீங்களும் அதே மாதிரி பார்க்கிறீங்க. அவளுக்கு ஜெபம் வராம போனது வேற, எனக்கு வராம இருக்கிறது வேற. அவளுக்கு இருந்து போச்சு. எனக்கு இருந்ததே இல்ல. இல்லாத ஒண்ணை இழந்தேன்னு நான் எப்படி எழுந்து நின்னு சொல்றது? அது பொய்தானே?

ஞாயித்துக்கிழமை நான் சாட்சி சொன்னேன். என் வாழ்க்கையில முதல் தடவை மைக் முன்னாடி நின்னேன். முதல் வாக்கியம் சொன்னதும் என் குரல் ஆலயம் முழுக்கப் போய்த் திரும்பி வந்துச்சு. அது என் குரல்தானான்னு எனக்கே தெரியல, அவ்வளவு நல்லா இருந்துச்சு. ஒரு ஆத்துமாவுக்காகப் பாரத்தோட விண்ணப்பம் செஞ்ச அந்தச் சாயங்காலம் என் கூச்சம் என்னை விட்டுப் போச்சுன்னு சொன்னேன். அதுல என்ன பொய் இருக்கு? ரெண்டு மூணு பேர் கண்ணைத் துடைச்சாங்க. எங்க அம்மா அழுதாங்க. தபித்தா மூணாவது பெஞ்சுல இருந்தா. நான் அந்தப் பக்கம் பார்க்கல.

வேலை எனக்குக் கிடைச்சது. அதுக்கு நான் என்ன செய்யட்டும்? காலி இடத்துக்கு யாராவது ஒருத்தர் வந்துதானே ஆகணும். இப்ப ரெண்டாம் வருஷம். தமிழோட வேதபாடமும் நான்தான் எடுக்கிறேன். காலையில அசெம்பிளியில ஜெபமும் நான்தான். நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லப் பழகினா அது தானா வந்துடும் ஆன்ட்டி, அவதான் முயற்சி பண்ணல. வர்ற மே மாசம் மலைக்கு நான்தான் தலைவியா போறேன். ஹெப்சி அக்காவுக்கு முழங்கால் முடியல.

ஆக, என் அபிப்பிராயம் கேட்டீங்கன்னா, பொண்ணு நல்ல பொண்ணுதான். கெட்டிக்காரி. சமையல் நல்லா வரும். வீட்டுல பெரியவங்க ஜெபிக்கும்போது கண்ணைத் திறந்து வச்சிருப்பா, பரவாயில்லையான்னு யோசிச்சுக்கோங்க. நாளைக்குப் பிள்ளைங்க பிறந்தா அதுங்களை யார் ஜெபத்துக்கு முழங்காலில நிறுத்துறது? உங்க அண்ணன் மகன் சபையில பொறுப்புல இருக்கிறவர்னு சொன்னீங்க. இதெல்லாம் முன்னாடியே தெரிஞ்சா நல்லது இல்லையா. நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம்.

என்ன?

தெரியுமா?

எல்லாமா? ஓடையில சொன்னதுகூடவா? பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே அவளே உங்க எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாளா? உங்க அண்ணன் மகன் என்ன சொன்னார்? பரவாயில்லன்னாரா? அப்படியா. வெள்ளச்சியைப் பார்க்க அவரையும் கூட்டிட்டுப் போறதா சொல்லியிருக்காளா.

சரி. அப்ப என்னைப் பத்தி என்ன சொன்னா? நல்லா திட்டியிருப்பா.

ஒருத்தின்னு மட்டும்தான் சொன்னாளா. பேரே சொல்லலையா. சின்னப் பொண்ணு, கூச்சத்துல என்ன சொல்றதுன்னு தெரியாம சொல்லிட்டா, அவ மேல தப்பு இல்லைன்னு சொன்னாளா? அது நான்தான்னு உங்களுக்கு இப்ப, நான் சொல்லித்தான் தெரியுமா?

பின்ன எதுக்கு இங்கே வந்தீங்க? என் பேரை யார் கொடுத்தா?

ஊர்ல விசாரிக்கணும்னா யாரைக் கேட்கலாம்னு நீங்க கேட்டதுக்கா. அவளே கொடுத்தாளா. அந்த ஸ்கூல்ல பெர்சிஸ்னு ஒரு டீச்சர், என் சிநேகிதின்னு.

சிநேகிதிங்கிற அந்த வார்த்தையேவா?

எழுந்திருக்காதீங்க ஆன்ட்டி. பஸ் மூணே காலுக்குத்தான். இது எந்த ஊர் நியாயம்? ஒரு மணி நேரமா என்னைப் பேசவிட்டு வாயை மூடிக் கேட்டுட்டு இருந்திருக்கீங்க. உள்ளே வந்ததும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் நல்லதையே சொல்லியிருப்பேனே.